சாட்டிலைட்டுக்குத் தெரியாத நீலகிரி

ஊட்டியைச் சுற்றியுள்ள புல்வெளிகள் சாட்டிலைட் படத்தில் வெறும் பச்சைத் திட்டுகள்தான். மந்துகளில் வாழும் தோடர்களைக் கேட்டால் எருமைத் தடம், தெய்வ மலை, ஊற்று என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் காட்டுவார்கள். இதை வரைபடத்தில் ஏற்ற முடியுமா?

முடியும். ஜிஐஎஸ் என்பது ஒரு நிலத்தின் விவரங்களை அடுக்கடுக்காக வைக்கும் டிஜிட்டல் வரைபட முறை. சரிவு ஓர் அடுக்கு, ஓடை ஓர் அடுக்கு. ஊர்ப் பெரியவர்களோடு நடந்து ஜிபிஎஸ்-ஸில் குறித்த இடங்கள் இன்னோர் அடுக்கு.

இது ஏன் முக்கியம்? ஒருகாலத்தில் இந்தப் புல்வெளிகளைத் 'தரிசு' என்று எழுதி வைத்தார்கள். பிறகு கற்பூர மரமும் சீகை மரமும் நட்டதில் பெரும்பகுதி காணாமல் போனது. ஏட்டில் இல்லாதது நிலத்திலும் இல்லாமல் போகும்.

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உரிமைகளைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. 2012-ல் திருத்தப்பட்ட விதிகளோ, சாட்டிலைட் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணைதான், மாற்று அல்ல என்கின்றன. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்ட வரைபடம் மட்டும் போதாது. கிராம சபையில் அதை விரித்து, ஊர் சரிபார்த்த பிறகே திட்டம் தீட்ட வேண்டும். எந்தப் புனித இடத்தை வெளியே காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதையும் அந்த மக்களே முடிவு செய்யட்டும்.