அடுப்பைத் தட்டாதீர்கள், தீயைப் பாருங்கள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் பன்சன் அடுப்பின் காற்றுத் துளையைத் திறந்து மூடிப் பார்த்திருப்பீர்கள். மூடினால் மஞ்சள் தீ, திறந்தால் நீலத் தீ. தேர்விலும் அதை எழுதியிருப்பீர்கள். ஆனால், பொங்கோல் கூட்டுரிமை வளாகம் ஒன்றில் பிறந்தநாள் விருந்து நடக்கும்போது எரிவாயு பார்பிகியூ அடுப்பு மக்கர் செய்தால் என்ன நடக்கிறது? பெரியவர்கள் அடுப்பைத் தட்டுகிறார்கள். குமிழைத் திருப்பித் திருப்பிப் பற்றவைக்கிறார்கள். “பிள்ளைகள் தள்ளி நில்லுங்கள்” என்கிறார்கள். அங்கு நிற்பவர்களில் எரிதலைப் பற்றி அண்மையில் படித்தவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, அடுப்பைச் சோதிக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து.

பன்சன் அடுப்பும் பார்பிகியூ அடுப்பும் ஒரே குடும்பம்தான். ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ராபர்ட் பன்சனின் ஆய்வுக்கூடத்துக்காக பீட்டர் டெசாகா என்ற கருவிக் கலைஞர் 1855ல் அதைச் செய்துகொடுத்தார். சிறு துவாரம் வழியே பீறிடும் வாயு, பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. கலந்த பிறகே எரிகிறது. பார்பிகியூ அடுப்பிலும் அதே ஏற்பாடு. ஒரு லிட்டர் புரொப்பேன் வாயு முழுமையாக எரிய 5 லிட்டர் ஆக்சிஜன், அதாவது ஏறத்தாழ 24 லிட்டர் காற்று வேண்டும். காற்று குறைந்தால் கரித்துகள்கள் தீக்குள் கனன்று மஞ்சளாக ஒளிரும். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் கூடும்.

ஆகவே, தீ மஞ்சளாகச் சோம்பி ஆடினால், தட்டின் அடியில் கரி படிந்தால், முதலில் சந்தேகிக்கவேண்டியது காற்று நுழையும் வாயைத்தான். பல வாரம் பயன்படுத்தாத அடுப்பில் அங்கே சிலந்தி வலை பின்னியிருக்கும், அல்லது குளவி மண்கூடு கட்டியிருக்கும். சிலந்தி என்ன செய்துவிடும் என்று சிரிக்காதீர்கள். மஸ்டா நிறுவனம் 2011ல் வட அமெரிக்காவில் பல்லாயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது, எரிபொருள் அமைப்பின் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டியதால்தான். அடுப்பில் இந்த அடைப்பு முற்றினால், தீ மேலே எரியாமல் குமிழ்களுக்குப் பின்னால் எரியத் தொடங்கும். அப்படிக் கண்டால் உடனே வாயுவை மூடவேண்டும்.

ஆனால், எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. பொங்கோலில் கடற்காற்று உண்டு. சத்தே இறைச்சியில் உப்பு உண்டு. சோடியம் தீயில் பட்டால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் பொறி தோன்றி மறையும். அது கோளாறு அல்ல. பன்சனும் கிர்க்காஃபும் இப்படித் தீயின் நிறத்தை ஆராய்ந்துதான் 1860ல் சீசியம் என்ற புதிய தனிமத்தையே கண்டுபிடித்தார்கள்.

தீ நீலமாகவே இருந்தும் குட்டையாக இருந்தால் குறைவது வாயு. ரப்பர் குழாய் மடங்கியிருக்கலாம், சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கலாம். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் குளிர்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில், சிறிது நேரம் எரிந்த பிறகு திரவம் இருக்கும் மட்டம் வரை சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்திருப்பதைப் பார்க்கலாம். காசில்லாத அளவுகோல்! ஒரு பக்கம் மட்டும் தீ வராவிட்டால் கொழுப்போ துருவோ துளைகளை அடைத்திருக்கிறது. அடுப்பு ஆறியபின் மெல்லிய கம்பியால் குத்திவிட்டால் போதும், துளையைப் பெரிதாக்கிவிடக்கூடாது.

இதுவரை சொன்னவை விருந்தைக் கெடுக்கும் கோளாறுகள். ஆளைக் கெடுப்பது வேறு. பொத்தானை அழுத்தினால் பீசோ படிகம் நசுங்கி மின்பொறி தருகிறது; முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பொறி தடம் மாறிப்போகும். ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், தீ வராது. அதற்குள் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். பொங்கோல் வீடுகளின் சமையலறைக்குச் செனோக்கோவிலிருந்து குழாய்வழி வரும் எரிவாயுவில் ஹைட்ரஜன் அதிகம். அது காற்றைவிட இலேசு, மேலே எழும். சிலிண்டரில் உள்ள புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் அடுப்பின் தொட்டியிலேயே தேங்கும். காற்றில் புரொப்பேன் 2 விழுக்காட்டைத் தாண்டினாலே ஒரு பொறி போதும், முகத்தில் தீ பாயும். மூடியைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்கவேண்டும். சில விநாடிகளில் பற்றாவிட்டால் வாயுவை மூடி, ஐந்து நிமிடம் காத்திருக்கவேண்டும். பசியோடு நிற்கும் மாமாக்களுக்கு இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். சொல்லுங்கள்.

“எரிவாயு விளையாட்டுப் பொருளா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சிலிண்டரை மாட்டுவதும் கழற்றுவதும் அவர்கள் வேலையாகவே இருக்கட்டும். ஆனால், கசிவு பார்க்கச் சவர்க்கார நீர் போதும். அடுப்பின் குமிழ்களை மூடி, சிலிண்டரைத் திறந்து, குழாயின் இணைப்புகளில் நுரையைப் பூசுங்கள். குமிழி ஊதிப் பெருகினால் அங்கே கசிகிறது. தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுபவரைக் கண்டால், மரியாதை பார்க்காமல் தடுங்கள். வாயுவுக்கு வாடை கிடையாது. நாம் முகர்வது எச்சரிக்கைக்காகச் சேர்த்த கந்தகச் சேர்மத்தை.

கொழுப்பு பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வாரி இறைக்கும். கைக்கு எட்டினால் வாயுவையும் மூடியையும் மூடுங்கள். எட்டாவிட்டால் விலகி நின்று 995ஐ அழையுங்கள். விருந்து நல்லபடியாக முடிந்தால், முதலில் சிலிண்டரை மூடுங்கள். குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து தீ தானாக அணைந்தபின் குமிழ்களை மூடலாம்.