பட்டிமன்றத்தில் கிதார் ஒலித்தால் என்ன?

சென்ற திங்கள் நம் மன்றத்தின் செயற்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன். ஆண்டு விழாவிற்கு முன் ஒரு பட்டிமன்றம் நடத்துவோம். தலைப்பு, 'ராக் இசையில் விஞ்சி நிற்பது லெட் செப்பெலினா, பிங்க் ஃபிளாய்டா?' என்பது. முதலில் சிரிப்பு எழுந்தது. நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சினம் எழுந்தது. "இது தமிழ் மன்றமா, இங்கிலீஷ் பாட்டு மன்றமா?" என்றது ஒரு குரல். "பறை இருக்க, நாகசுரம் இருக்க, இரவல் இரைச்சல் எதற்கு?" என்றது இன்னொரு குரல். பொருளாளர் அண்ணன் எழுந்தார்; கையிருப்பைச் சொன்னார்; பொதுக்கூட்டத்திற்குத் தள்ளி வைத்தார். அன்று பேச எனக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே தோழர்களே, இந்த ஏட்டின் பக்கங்களை நாடினேன்.

நாம் வாழும் ஊர் எது என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ரோஜர் வாட்டர்ஸ் 2002இல் பெங்களூருக்கு வந்து பாடினார். ரோலிங் ஸ்டோன்ஸ் 2003 ஏப்ரலில் அரண்மனை மைதானத்தில் பாடினார்கள். அதே மைதானத்திற்கு 2007இல் அயர்ன் மெய்டன், 2011இல் மெட்டாலிக்கா. வேலைக்கும் படிப்புக்கும் எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் ஒன்றாய் நின்று தொண்டை கிழியக் கத்திய ஊர் இது. இன்றும் நம் விடுதியில் இரவு பதினோரு மணிக்கு மேல் எந்த மாடிக்குப் போனாலும் ஓர் அறையில் இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. கன்னடத்துத் தோழன் டீப் பர்ப்பிள் என்பான். கோட்டயத்துத் தோழன் பிங்க் ஃபிளாய்ட் என்பான். ஷில்லாங்கிலிருந்து வந்தவனோ இருவரையும் இரக்கத்தோடு பார்ப்பான். தமிழன் அங்கே இல்லையா? இருக்கிறான். சுவரோரமாய் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறான்!

நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். கடலூரிலிருந்து வந்த முதல் ஆண்டு. எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பேருந்தில் கேட்ட இளையராஜா. தெரிந்த வழக்கெல்லாம் ராஜாவா, ரகுமானா என்பது. அந்த அறையில் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். ஒருநாள் பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டுத் தட்டைப் பற்றிப் பேச்சு நடந்தது. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்பது அதன் பெயர். நீ கேட்டிருக்கிறாயா என்றார்கள். பலமுறை என்றேன். பொய். அப்படியானால் கடிகார மணிகள் ஒலிக்கும் பாட்டு எது என்று மடக்கினான் ஒருவன். தட்டின் உறையில் 'மணி' என்றொரு பாட்டின் பெயரைப் பார்த்த நினைவு. மணி என்றால் மணிதானே! துணிந்து சொன்னேன். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. அது காசைப் பற்றிய பாட்டு; அதில் ஒலிப்பது கடைக்காரரின் கல்லாப் பெட்டி. கடிகாரங்கள் ஒலிப்பது 'டைம்' என்னும் பாட்டில். அன்று இரவே இரண்டையும் கேட்டேன். பிறகு அந்தத் தட்டு முழுவதையும் கேட்டேன். பொய் சொன்னதற்குத் தண்டனையாகத் தொடங்கியது, விடியும்போது வேறொன்றாகியிருந்தது.

ஆனால் அந்த வழக்காடலில் ஒரு குறையைக் கண்டேன். அவர்கள் பாட்டைப் பற்றிப் பேசவில்லை. யார் எந்த ஆண்டு எந்த மைதானத்தில் நின்றார், யாருக்கு எத்தனை பெயர்கள் மனப்பாடம், அதுதான் பேச்சு. 'அருமை, அபாரம்' என்பதற்கு மேல் ஒரு படி ஏறியவர் சிலரே. அரைகுறை ஆங்கிலத்தில் அதற்குமேல் ஏற என்னாலும் ஆகவில்லை.

ஏறியது தமிழில். உணவுக்கூடத்தில் திருநெல்வேலித் தோழன் ஒருவன் கேட்டான்: "இந்தக் கிதார் ஏன்டா மாடு கத்துற மாதிரி கத்துது?" நல்ல கேள்வி. நான் படிப்பது இயற்பியல். விடை என்னிடம் இருந்தது. ஒலிபெருக்கியைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சி மழுங்கிவிடுகிறது. மழுங்கிய அலையில், மீட்டிய சுரத்தின் மடங்குகளாகப் புதிய சுரங்கள் பிறக்கின்றன. இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினாலோ, அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடச் சுரங்களாகி வந்து நிற்கும். மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்தால் சந்தைக்கூச்சல்தான். அதனால் இந்தக் கிதார்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டையே பிடிக்கிறார்கள்: சட்சமமும் பஞ்சமமும். அவற்றின் அதிர்வெண்கள் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தில் நிற்பவை. மூன்றில் இரண்டைக் கழித்தால் ஒன்று. அதாவது கீழ் ஸ்தாயிச் சட்சமம்! யாரும் மீட்டாத அந்தச் சுரமும் அடியில் வந்து உறுமுகிறது. "அப்ப இது தம்புராதான்னு சொல்லு" என்றான் அவன். அவன் அக்காள் பாட்டுக் கற்றவள். தம்புராவின் நான்கு தந்திகளும் பொதுவாக பஞ்சமமும் சட்சமமும்தாமே! டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்', 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் மாந்த்ரோ நகரத்துச் சூதாட்ட மாளிகை எரிந்ததைக் கண்டு எழுதிய பாட்டு. அதன் தொடக்கத்தில் பஞ்சமம் கீழும் சட்சமம் மேலுமாக இணை இணையாய்ச் சுரங்கள் நகர்கின்றன. சோறு ஆறும்வரை மேசையில் தட்டித் தட்டிக் காட்டினேன். ஓராண்டாக அந்த மாடியறையில் நான் கேட்டறியாத உரையாடல் அது.

இது புதுமையும் அன்று. திருச்சிப் பக்கத்தில் 1888இல் பிறந்து, 1933இல் பெங்களூருக்கு வந்த ஒரு தமிழர், மறு ஆண்டே நம் நாட்டுத் தோற்கருவிகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இடும் கரணைதான், அதன் ஒலிகளை ஒழுங்கான மடங்குகளாக்கி இனிமை தருகிறது என்று காட்டினார். அவர் சர் சி. வி. இராமன். தோலை அறைந்தால் எழும் ஓசை ஆராயத் தக்கது என்று அவர் கருதினார். நாம் கருதக் கூடாதா?

"சரி, அறிவியல் இருக்கட்டும். நமக்கும் அந்தப் பாட்டுக்கும் உறவென்ன?" என்பீர்கள். என் கட்சி லெட் செப்பெலின். காரணம் சொல்கிறேன். 1971இல் வந்த அவர்களின் நான்காம் தட்டின் கடைசிப் பாட்டு 'வென் தி லெவி பிரேக்ஸ்'. கரை உடைந்தால் என்ன ஆவோம் என்னும் கலக்கம்தான் அதன் பொருள். ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய மாளிகையின் கூடத்தில் ஜான் பான்ஹம் முரசறைய, ஒலிவாங்கிகளை மாடிப்படியின் உச்சியில் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அதனால்தான் அந்த முரசு வீட்டுக்குள் அடிப்பதுபோல் இல்லாமல், தொலைவிலிருந்து வீடு நோக்கி வருவதுபோல் கேட்கிறது. பாட்டு அவர்களுடையது அன்று. 1927இல் மிசிசிப்பி கரையுடைத்து ஊர்களை விழுங்கிய பெருவெள்ளத்தை வைத்து, கான்சஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி என்னும் கறுப்பின இணையர் 1929இல் பதிந்த பாட்டு.

2015ஆம் ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள் கடலூர் மாவட்டத்தில் பெய்த மழையை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் தெருவில் வெள்ளம் வருமுன் ஓசை வந்தது. இருட்டில், கண்ணுக்கு எதுவும் தெரியாமல், ஓசை மட்டும். அம்மா அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த முரசை முதன்முதல் கேட்ட இரவு நான் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். என்ன விசேஷம் என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். மாடியறையில் எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. தமிழில், நம் மன்றத்தில், சொல்ல வரும்.

எதிர்க்கட்சிக்கு ஆயுதம் இல்லாமல் இல்லை. ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அடுத்தவன் பாட்டை எடுத்து ஆண்டவர்கள் செப்பெலின் குழுவினர் என்பார்கள். உண்மைதான். மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய வில்லி டிக்சன் பாட்டின் வரிகள் அவர்களின் 1969ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் நுழைந்தன; டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்தார்; 1987இல் சமரசம் ஆயிற்று; பின்னர் அவர் பெயரும் பாட்டோடு சேர்ந்தது. யார் உழைப்பு, யார் புகழ்? பறையைப் பற்றிப் பேசும் நாம் கேட்க வேண்டிய கேள்வியல்லவா இது? பறையை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, மேடையில் மட்டும் அதன் பெருமை பேசியவர்கள் நம்மில் இல்லையா? சென்னையில் 2018 தொடக்கத்தில் மேடையேறிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் கானாவையும் ராக்கையும் ஒரே மேடையில் முழக்கினார்கள். பறையா, கிதாரா என்று அவர்கள் தயங்கி நிற்கவில்லை.

பட்டிமண்டபம் என்ற சொல் மணிமேகலையிலேயே இருக்கிறது. பல சமயத்தாரும் கூடி வாதிட்ட இடம் அது. ஒரே கட்சிக்காரர் கூடிக் கைதட்டிய இடம் அன்று. நாமோ கண்ணகியா மாதவியா என்று ஆண்டுதோறும் கேட்டு, ஆண்டுதோறும் இருவரையும் வணங்கிவிட்டுக் கலைகிறோம். குறையென்று சொல்லவில்லை, நானும் ஒருமுறை மாதவிக்காகப் பேசித் தோற்றவன். ஆனால் இரவெல்லாம் நெஞ்சில் ஓடுவதைப் பேச ஒரு மொழியும், பொங்கல் விழாவில் பேச ஒரு மொழியும் என்று பிரித்துக்கொண்டால், தமிழ் பரணில் ஏற்றிய பித்தளைப் பாத்திரம் ஆகிவிடாதா?

செலவு என்கிறார்கள். பேச்சாளர் அறுவரும் நம் மாணவரே; ஒலிபெருக்கி இயற்பியல் துறையில் இரவல் கிடைக்கும். ஒவ்வொருவரும் பேசுமுன் இரண்டு நிமிடம் பாட்டு ஒலிக்க வேண்டும். அதில் காதுக்கு என்ன கேட்டது என்பதைத்தான் பேச வேண்டும். 'நான் 2011இல் அரண்மனை மைதானத்தில் நின்றேன்' என்பவருக்கு மதிப்பெண் குறைப்பு. ஷில்லாங்குத் தோழனும் வர விரும்புகிறான். தமிழ் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்கிறான். அந்தப் பொறுப்பைத் திருநெல்வேலியான் ஏற்றுக்கொண்டான்.

நடுவர் யார் என்பதுதான் பாக்கி. இரண்டு குழுவின் மீதும் பற்றில்லாத ஒருவர் வேண்டும். பொருளாளர் அண்ணன் இந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்று செயற்குழுவிலேயே சொன்னார். அண்ணன் சம்மதித்தால், பொதுக்கூட்டத்தில் அவர் பெயரை நானே முன்மொழிகிறேன்.