புதுநகரும் முதல் மூன்று நாட்களும்

கடல்கடந்து செல்லுதல் முன்னாளில் மாணவர்க்கு அரிதாயிருந்தது. இந்நாளில் நம் மாணவருள்ளும் பழைய மாணவருள்ளும் அங்ஙனஞ் சென்று மீள்வோர் பலராயினர். அவர்களை நோக்கி, "என்னென்ன கண்டீர்?" என வினவின், நீண்டதொரு பட்டியல் வெளிவரும்; "யாது அறிந்தீர்?" என வினவின், பெரும்பாலும் மௌனமே விடையாகும். இக்குறையைப் பிறர்மேல் ஏற்றி யாம் கூறவில்லை. எம்மிடத்தும் கண்டே கூறுகின்றோம். சிங்கப்பூரில் யாம் கழித்த முதல் மூன்று நாட்களே இதற்குச் சான்று.

முதல் நாள் யாவருஞ் செய்வதையே யாமும் செய்தோம். சிங்கத் தலையும் மீனுடலும் கொண்டு வாயினின்று நீருமிழும் சிலையைக் கண்டோம். மூன்று கோபுரங்கள் தம் முடிமேல் ஒரு கப்பலைச் சுமந்து நிற்பது போன்று 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பெருவிடுதியை அண்ணாந்து நோக்கினோம். படங்கள் பல எடுத்தோம். இரவில் அறைக்கு மீண்டபோது கால்கள் நொந்தன. உள்ளத்திலோ ஒன்றும் நிலைத்திலது.

இரண்டாம் நாள், மழை ஓய்ந்தபின், தெலோக் ஆயர் தெருவில் மெல்ல நடந்தோம். சோழமண்டலக் கரையினின்று சென்ற முஸ்லிம்கள் 1830-ஆம் ஆண்டளவில் எழுப்பிய நாகூர் தர்காவும், சீனர் கடற்றெய்வத்திற்கு 1839 முதல் 1842 வரை எடுப்பித்த தியான் ஹோக் கெங் ஆலயமும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. கடலோ கண்ணுக்கு எட்டவில்லை. கடலில்லாத தெருவில் கடற்றெய்வத்திற்கு ஆலயம் ஏன்? அத்தெருவே அந்நாளில் கடற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அதன் முன்னிருந்த கடலைத் தூர்த்து நிலமாக்கினர். மரக்கலமேறி உயிர் தப்பிக் கரை சேர்ந்தோர், அடிவைத்த இடத்திலேயே நன்றி செலுத்தினர் என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. ஒரு வினா ஒரு தெருவையே திறந்து காட்டிற்று.

மூன்றாம் நாள் ஞாயிறு. பரிசுத்த அந்திரேயா பேராலயத்திற்குச் சென்றோம். 1856-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1861-இல் முதல் வழிபாடு நிகழ்ந்த வெண்ணிறப் பேராலயம் அது. அதனைக் கட்டியோர் இந்தியாவினின்று நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825 முதல் 1873 வரை அந்நகரின் சாலைகளும் கட்டடங்களும் பல அவர்தம் உழைப்பால் எழுந்தவை. கிளிஞ்சற் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைச் சேர்த்தரைத்த சாந்தினால் அச்சுவர்கள் பூசப்பட்டன. நம் நாட்டுக் கொத்தர் நன்கறிந்த சாந்து அது. சுவரின் வெண்மையை வியந்து நின்றோம். அதனைப் பூசினோர் பெயரை எங்குங் கண்டிலேம்.

அன்று மாலை சிராங்கூன் சாலைக்குச் சென்றோம். வார விடுமுறை பெற்ற தமிழ்த் தொழிலாளர் திரள்திரளாக அமர்ந்து ஊர்ச்செய்தி பேசிக்கொண்டிருந்தனர். அவருள் ஓர் இளைஞர், "ஐயா, நம்ம ஊர்ப் பக்கமா?" என்றார். கட்டட வேலையில் கம்பி கட்டுவதாகவும், வீட்டிற்குப் பணம் அனுப்பிவிட்டு வந்ததாகவும் சொன்னார். எம் அருகே நின்ற யாத்திரிகர் சிலர் கடைகளின் வண்ண விளக்குகளைப் படமெடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து சென்றனர். முதல் நாள் யாமும் அங்ஙனமே கட்டடங்களைக் கண்டு, கட்டியோரைக் காணாது சென்றோம் அன்றோ?

"காலமோ குறுகியது, செலவோ பெரிது, இயன்ற மட்டும் பல இடங்களைக் காண்பதே ஆதாயம்" என்பார் உளர். குறுகிய காலமாதலின் அன்றோ அதனை வீணாக்கலாகாது என்கின்றோம்! இருபது இடங்களை ஓடிக் கண்டவர் கொணர்வன கடையிலுங் கிடைக்கும் படங்களே. ஒரு தெருவை நின்று கண்டவரோ மனிதரை அறிந்து மீள்கின்றார். உயர்மாடங்களை யாம் இகழ்வோமல்லேம். அவையும் மனிதர் கைவேலையே. அக்கைகளை மறந்து வியத்தலையே குறை என்கின்றோம்.

ஆதலின் பிறநாடு செல்லும் நம் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே. முதல் நாட்களில் வண்டியை விடுத்து நடந்து செல்க. ஒரு தெருவைத் தேர்ந்து, "இது யாரால் ஆயிற்று?" என வினவுக. அங்கு உழைப்போர் ஒருவரோடேனும் அமர்ந்து பேசுக. கைதிகளின் பெயர்கள் நமக்குக் கிடைத்தில. இன்று கம்பி கட்டுவோரின் பெயரை நேரிற் கேட்டறியலாம். கேளாது மீள்வோமாயின் பிழை நம்மதே.