மாப்பிள்ளை முறுக்கு

தீபாவளிக்கு வீட்டுக்கு வீடு முறுக்கு சுடுவார்கள். சில வீடுகளுக்கு இன்னொரு முறுக்கும் வந்து சேரும். அதற்கு மாவு வேண்டாம். எண்ணெய்ச் சட்டி வேண்டாம். ரெயிலை விட்டு இறங்கும்போதே முறுக்கிக்கொண்டுதான் இறங்கும். அதன் பெயர், மாப்பிள்ளை முறுக்கு!

தலை தீபாவளி அல்லவா? மாப்பிள்ளை பாடு கொண்டாட்டம்தான். பொழுது விடிவதற்கு முன்பே மனையில் உட்கார வைத்து, தலையில் நல்லெண்ணெய் வைப்பார்கள். பிறகு சீயக்காய், வெந்நீர். மூலையில் மஞ்சள் தடவிய புது வேட்டி. சுக்கு, திப்பிலி, ஓமம், வெல்லம் போட்டுக் கிளறிய லேகியம் ஓர் உருண்டை. அடுத்து வரப்போகும் இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் அது முன்ஜாமீன்!

பட்டாசு விஷயத்தில் மட்டும் சிறு சங்கடம். 2018-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று நேரம் குறித்தார்கள். மைத்துனன்மார் சரவெடியைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பார்கள். அத்தான் எழுந்து, குளித்து, முறுக்குத் தளர்ந்து வெளியே வருவதற்குள் மணி ஏழு அடித்துவிடும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. மாமனார் பாடு அப்படியில்லை.

நம் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி பிறந்ததும் மேளச் சத்தம் கேட்கும். ஆவணியில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவருக்கு, இரண்டே மாதத்தில் ஐப்பசி வந்து நிற்கிறது. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பாக்கி தீர்ந்திருக்காது. நகைக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் தலை தீபாவளி! அது முடிந்தால் கார்த்திகைச் சீர். அப்புறம் பொங்கல் சீர். அடுத்த ஆடி வந்தால் ஆடிச் சீர். பண்டிகைகள் வரிசையாக வருகின்றன. பணம் வரிசையாக வருவதில்லை.

வெற்றிலை, பாக்கு, பழத்தோடு அழைக்கப் போகிறார் பெண்ணின் தகப்பனார். சம்பந்தி வீட்டில் காபி கொடுத்து உபசரிக்கிறார்கள்.

"எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நீங்கள் ஆசைப்பட்டுச் செய்வதை நாங்கள் ஏன் தடுக்கப் போகிறோம்?" என்கிறார் சம்பந்தியம்மாள்.

இந்த "ஒன்றும் வேண்டாம்" இருக்கிறதே, அதைத் தராசில் போட்டால் ஒரு பவுனுக்குக் குறையாது! மனிதர் நேரே மோதிரத்துக்கு விலை விசாரிக்கப் போகிறார்.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ம் ஆண்டிலேயே வந்தது. வரதட்சணை வாங்குவது குற்றம், கொடுப்பது குற்றம், கேட்பதும் குற்றம். ஆனால் வாய் திறந்து கேட்காமலே வாங்கத் தெரிந்தவர்களைச் சட்டம் எங்கே போய்ப் பிடிக்கும்?

வசதி உள்ளவர் மகளுக்கு மனம் குளிர்ந்து செய்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. கடன் வாங்கிச் செய்கிறாரே, அவரைப் பற்றித்தான் பேச்சு.

இதில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் கல்யாணப் பெண். தலை தீபாவளி உண்மையில் அவளுடைய பண்டிகை. பிறந்து வளர்ந்த வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள். அம்மா கையால் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம். தம்பியோடு சண்டை போடலாம். வெயில் ஏறும்வரை தூங்கலாம். ஆனால் அவள் கண் எங்கே போகிறது? அப்பாவின் பழைய வேட்டிமேல் போகிறது. அம்மாவின் கையில் இருந்த இரண்டு வளையல்கள் எங்கே என்று தேடுகிறது. புருஷன் விரலில் புது மோதிரம் மின்னும்போது, வளையல் போன இடம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த அதிரசம் தொண்டையில் இறங்கும்?

மாமனாரால் இதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் "கஞ்சன்" என்பார்கள். பெண்ணாலும் முடியாது. "பிறந்த வீட்டுக்குப் பரிந்து பேசுகிறாள்" என்பார்கள். முடியக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் முறுக்கிக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளை! அழைக்க வந்தவரைத் தெருமுனை வரை கொண்டுவிடப் போகும்போது, "மாமா, மோதிரம் கீதிரம் என்று ஒன்றும் செய்யாதீர்கள். செய்தால் நான் போட்டுக்கொள்ள மாட்டேன்" என்று தனியாகச் சொல்லிவிட வேண்டும். தன் தாயார் காதில் விழாமல் சொன்னால் இன்னும் நல்லது.

தாயாருக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரமும் வரும். பட்சண டின்னோடு ஊர் திரும்பியதும், மருமகள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேள்வி புறப்படும்: "உங்கள் வீட்டில் என்ன போட்டார்கள்?"

மாப்பிள்ளை முந்திக்கொள்ள வேண்டும்:

"தலைவாழை இலை போட்டார்கள் அம்மா! மூன்று வேளையும் போட்டார்கள்!"