நேரமில்லாதவர்கள்

உத்தியோகமும் எழுத்தும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மூன்று நாட்களில் படித்து முடித்தேன். மூன்று நாட்கள் ஏன் என்பது பின்னால் தெரியும். நண்பரின் வாதம் சுருக்கமாக இது: ஆபீஸ் சிருஷ்டியைத் தின்றுவிடுகிறது, ஆழ்ந்த வாசிப்புக்குத் தடையற்ற நேரமும் தனிமையும் வேண்டும், அவை கிடைக்காததால்தான் தமிழில் பெரிய எழுத்து அரிதாக இருக்கிறது. காஃப்கா, வாலஸ் ஸ்டீவன்ஸ், கவாஃபி என்று வரிசையாகச் சாட்சிகளையும் கூப்பிட்டிருக்கிறார். கட்டுரை நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. பலரும் நம்பிவிடக்கூடும் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சாட்சிகளை விசாரிப்போம். காஃப்கா பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908இல் சேர்ந்து 1922 வரை வேலை பார்த்தார். காலை எட்டு மணிக்குப் போனால் பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு ஆபீஸ் முடிந்தது. 1912 நவம்பரில் ஃபெலீஸ் பௌவருக்கு எழுதிய கடிதத்தில் தன் தினசரி அட்டவணையை விவரமாகவே கொடுத்திருக்கிறார். மதியச் சாப்பாடு, ஏழரை வரை தூக்கம், திறந்த ஜன்னலருகே தேகப்பயிற்சி, ஒரு மணி நேர நடை, குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு, பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ எழுத்து. இதை நம் விமர்சகர்கள் ஒரு தியாகியின் சரித்திரம் போல எடுத்துச் சொல்கிறார்கள். நான் படித்தபோது என் கண்ணில் பட்டது வேறு. இரண்டு வேளைச் சாப்பாடு வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்று அட்டவணையில் இல்லை.

அதே வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணி வரை ஒரே மூச்சில் 'தீர்ப்பு' கதையை எழுதினார். உலக இலக்கியத்தில் மிகவும் கொண்டாடப்படும் ராத்திரிகளில் இது ஒன்று. அதைப் பற்றிய நாட்குறிப்பில் காஃப்காவே ஒரு தகவல் தருகிறார்: வேலைக்காரப் பெண் முன்கூடத்தின் வழியாக முதல் தடவையாக நடந்துபோனபோது கடைசி வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தாராம். அவள் எதிரில் சோம்பல் முறித்து, இதுவரை எழுதிக்கொண்டிருந்தேன் என்றும் சொன்னாராம். அன்று அவர் ஆபீஸுக்கு லீவு. அவளுக்கு லீவு இல்லை. அவளைக் கவனித்துக் குறித்து வைத்தவர் காஃப்கா. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியும் அவளைக் காணாதவர்கள் நாம். ஆகவே என் சண்டை அவரோடு இல்லை.

ஸ்டீவன்ஸ் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட். ஆபீஸுக்கு நடந்துபோகும் வழியில் கவிதை கட்டிக்கொண்டு போய்க் காரியதரிசியிடம் கொடுத்து டைப் செய்யச் சொல்வார். கவாஃபி அலெக்சாந்திரியாவில் நீர்ப்பாசன இலாகாவில் முப்பது வருஷம் குமாஸ்தா. இவர்களுடைய ஆபீஸ் எழுத்தைத் தின்றது என்பதற்கு, இவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனவற்றைத்தான் அத்தாட்சியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. விசித்திரமான அத்தாட்சி.

நம் ஊருக்கு வருகிறேன். சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்ததைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மனைவியின் நகைகளை விற்றுப் பத்திரிகை நடத்தினார் என்று நாம் நெகிழ்ந்து போகிறோம். நெகிழ வேண்டிய விஷயம்தான். ஆனால் நகை யாருடையது? அந்த அம்மாளின் பெயரை, கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? புதுக்கவிதைக்கு முதல் போட்டவர்களின் பட்டியல் ஒன்று தயாரித்தால் அவர் பெயர் எங்கே வரும்? இதைக் கேட்டால் இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்பார்கள். பத்திரிகைக்குக் காகிதம் வாங்கியது இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாததா?

என் விஷயத்தைச் சொல்லாமல் இதைப் பேசுவது நியாயமில்லை. 1978இல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். டிரங்க் போர்டு. இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்க வைப்பது கஷ்டம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தகுந்த கட்டணம். லைன் கிடைத்ததும் கார்டைச் செருகி இரண்டு பக்கத்தையும் இணைப்போம். மூன்று நிமிஷம் ஆனதும் நடுவில் புகுந்து மூன்று நிமிஷம் ஆயிற்று என்று சொல்வோம். சாவுச் செய்தியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். குறுக்கிடுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். இடையூறு என்றால் என்ன என்று எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரியும்.

ஸ்பிளிட் டூட்டி என்று ஒன்று உண்டு. காலை ஏழிலிருந்து பத்தரை, பிறகு மாலை நாலரையிலிருந்து எட்டு. நடுவில் ஆறு மணி நேரம் ஓய்வு என்று கணக்குப் புஸ்தகத்தில் இருக்கும். அந்த ஓய்வில் நான் துணி துவைத்தேன், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றேன், ஆட்டுக்கல்லில் மாவு அரைத்தேன், அத்தைக்குக் கஷாயம் வைத்தேன், பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். புஸ்தகம் வாங்க ஒரு நாளும் தடை சொன்னதில்லை. அவரும் படிப்பவர்; ஆபீஸிலிருந்து ஐந்தரைக்கு வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்பது வரை படிப்பார். எட்டரைக்கு டூட்டி முடிந்து வரும் நான் சமையலறைக்குப் போவேன். இதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. அவருடைய ஆபீஸ் இலக்கியத்தைத் தின்றுவிடுகிறது என்று அவருடைய நண்பர்கள் அவருக்காக வருத்தப்பட்டார்கள், நான் போட்டுக்கொடுத்த காபியைக் குடித்தபடியே.

இப்படித்தான் நான் படித்தேன். ராத்திரி டூட்டியில் ஒரு மணிக்கு மேல் போர்டு ஓய்ந்திருக்கும். டிக்கெட் கட்டின் அடியில் புஸ்தகம். படிக்கக் கூடாது என்று விதி. சூப்பர்வைசர் அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார். அவர் மேஜையிலும் ஒன்று இருந்தது. 'மோகமுள்' ஐந்து மாதம் ஆயிற்று. புதுமைப்பித்தனின் கதைகளை ஒரு வருஷம் முழுவதும். மௌனியை எத்தனை காலம் என்று சொல்ல முடியாது. மொத்தமே இருபத்து நாலு கதைகள், இன்னும் முடியவில்லை.

இங்கேதான் நண்பரோடு எனக்கு விமர்சன ரீதியான தகராறு. மௌனியைத் தனிமையில், ஒரே அமர்வில்தான் படிக்க முடியும் என்கிறார். நான் படித்த முறையில் எனக்குத் தெரிந்தது நேர்மாறு. ஒரு பாரா படிப்பேன், விளக்கு எரியும், யாரோ ஒருவரை யாரோ ஒருவரோடு இணைத்துவிட்டுத் திரும்புவேன், பாரா அங்கேயே நிற்கும். மௌனியில் விட்ட இடத்தைத் தேட வேண்டிய கதைச் சரடு அநேகமாகக் கிடையாது. வாக்கியம் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கிறது. அரிசி களையும்போதும் கூடவே இருக்கிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அது இடையூறுக்காகவே தயாரிக்கப்பட்ட பண்டம். ஆனாலும் குறுக்கீட்டைத் தாங்காது. ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டால்தான் நிற்கும். கொக்கியைக் கழற்றினால் கீழே விழுந்துவிடும். புதுமைப்பித்தன் இந்த இரண்டுக்கும் வெளியே. பாதியில் வைத்தால் கோபம் வருகிறது. கோபத்தோடு திரும்பி வருகிறேன். துண்டு துண்டான வாசிப்பு எழுத்தைச் சோதிக்கும் ஒரு முறை என்பது என் கட்சி. இதை ஒரு விமர்சகரும் இதுவரை அளவுகோலாக எடுத்ததில்லை. விமர்சகர்களுக்கு அந்த அனுபவம் வாய்க்கவில்லை. காபி வேளாவேளைக்கு வந்துவிட்டது.

இதைச் சொன்னதும் எதிர்முகாமிலிருந்து ஒரு பாராட்டு வரும் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் நின்றுகொண்டே படித்த வீரப் பெண்மணி, கரண்டியோடு காவியம், இத்யாதி. அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்ற பெண், சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத் தானே படிக்கக் கற்றுக்கொண்டார். பிற்பாடு தன் சரித்திரத்தையே எழுதினார். இதைப் புல்லரிப்போடு சொல்கிறவர்கள், ஏடு ஏன் ஒளித்துவைக்கப்பட வேண்டியிருந்தது என்ற இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். திருடிப் படித்ததில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. எனக்கும் சாய்வு நாற்காலி வேண்டும். மௌனி துண்டுகளில் நிற்கிறார் என்பதால் எனக்குத் துண்டுகள் போதும் என்று அர்த்தமில்லை. 'மோகமுள்'ளில் சங்கீதம் நீண்டு போகிற பக்கங்கள் ஐந்து மாதத்தில் நைந்து போயின. அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியது எல்லோருக்கும் மனப்பாடம்: வருஷத்துக்கு ஐந்நூறு பவுன், சொந்தமாக ஓர் அறை. சரியான கோரிக்கை. ஆனால் அவர் வீட்டில் 1916 முதல் 1934 வரை நெல்லி பாக்ஸல் என்ற சமையல்காரப் பெண் இருந்தார். வுல்ஃபின் நாட்குறிப்பில் இருவருக்கும் நடந்த சண்டைகள் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்தப் பெண்ணுக்கு ஐந்நூறு பவுன் இல்லை. ஆகவே பெண்கள் என்று நான் சொல்வதிலும் ஓட்டை இருக்கிறது. என் வீட்டிலும் பாத்திரம் தேய்க்க ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தார், அவர் என்ன படித்தார் என்று இந்தப் பத்திரிகையில் யாரும் எழுதப்போவதில்லை. இது ஒரு சங்கிலி. நண்பர் மேல் கண்ணியில் உட்கார்ந்துகொண்டு சங்கிலியே இல்லை என்கிறார்.

இப்போது இளைஞர்களிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. வருஷக் கடைசியில், படித்த புஸ்தகங்களின் பட்டியல் போடுகிறார்கள். ஐம்பது, நூறு. எண்ணிக்கையைப் பார்த்தால் நெல் மூட்டைக் கணக்கு போலிருக்கிறது. எது உள்ளே போயிற்று, எது வெளியே போயிற்று என்று தெரியாது. அது கிடக்கட்டும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு புஸ்தகம், ஒவ்வொன்றும் சராசரி 250 பக்கம் என்றால், நாளைக்கு 68 பக்கம் சொச்சம். பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் என்றால் 137 நிமிஷம். சர்க்கார் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. 2024ஆம் வருஷக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் செலவிடுகிறார்கள். இந்த 88, வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும்தான். தொடாதவர்கள் இதில் சேரவில்லை. 2019 கணக்கெடுப்பில் ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அந்த வேலையைத் தொட்டவர்கள். பெண்களில் 81 பேர். வித்தியாசம் 201 நிமிஷம். நூறு புஸ்தகம் படித்துவிட்டு ஒரு சின்னத் தூக்கமும் போடலாம்.

நேரம் இருக்கிறது. யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நண்பர் ஆபீஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதன் சௌகரியம் இங்கே புரிகிறது. ஆபீஸைத் திட்டினால் யாருக்கும் மனஸ்தாபம் வராது, வீட்டுக்குப் போனால் சாப்பாடும் தயாராக இருக்கும்.

விதிவிலக்குகளைச் சொல்ல வேண்டும். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் குடமும் பம்பும் வாளியும் பின்னணிச் சாமான்களாக இல்லை; ஒரு பொழுது எப்படித் தேய்கிறது என்பது அதில் தெரிகிறது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988இல் தொகுப்பாக வந்தபோது எங்கள் எக்ஸ்சேஞ்சில் அது நாலு கை மாறிற்று. அட்டை கிழிந்து திரும்பி வந்தது. அந்தத் தலைப்பில் உள்ள மூலை என்ற சொல்லைப் பற்றி நாங்கள் பேசியதில் பாதிகூட பிறகு நான் படித்த மதிப்புரைகளில் இல்லை. எங்கள் பேச்சு எங்கும் அச்சாகவில்லை. லஞ்ச் அரை மணி நேரம்தான்.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். எழுத்தாளர்களைப் பேட்டி காணும்போது எப்போது எழுதுவீர்கள், பேனாவா கம்ப்யூட்டரா, அதிகாலையா நடுநிசியா என்றெல்லாம் கேட்கிறீர்கள். அதோடு, அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார் விழித்திருப்பார்கள், என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்றும் கேளுங்கள். பதிலை வெட்டாமல் போடுங்கள்.

நண்பர் அடுத்த இதழில் மறுப்பு எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்; எழுத வேண்டும். கட்டுரையின் அடியில் எழுதிய நாளைக் குறிக்கிற வழக்கம் அவருக்கு உண்டு. கூடவே, எத்தனை அமர்வில் எழுதினார், அந்த நாட்களில் சமையல் யார் என்பதையும் குறித்துவிடட்டும். என்னுடையதை இங்கேயே தந்துவிடுகிறேன்: ஆறு நாள், பதினோரு தவணை. சமையல் நான், கடைசி நாள் ராத்திரி மட்டும் மகன், ரவா உப்புமா.