பக்கவாட்டில் பாய்ந்த சிப்பாய்

சதுரங்கப் பலகையின் நடுவில் 4 கட்டங்கள் உண்டு. அவற்றைப் பிடித்தவர் கை ஓங்கும் என்பார்கள். ஆகவே, பலரும் நடுச் சிப்பாயைத்தான் முதலில் நகர்த்துவார்கள்.

சென்னை வாலிபர் குகேஷ் அப்படிச் செய்யவில்லை!

2024 டிசம்பர் 8. சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் 11-வது ஆட்டம். எதிரே இருந்தவர் அப்போதைய உலக வீரர், சீனாவின் டிங் லிரென். இருவருக்கும் தலா 5 புள்ளிகள்.

குகேஷ் முதலில் குதிரையை எடுத்தார். மூன்றாவது நகர்த்தலில், ஓரத்துக்கு அடுத்திருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நடுவில் எதிரியை முன்னேற விட்டு, பக்கத்திலிருந்து தாக்குவது திட்டம்.

பழைய வழிதான்

இது புது வித்தை அல்ல. 1924-ல் நியூயார்க்கில் ரேட்டி என்ற வீரரும் இதே மூன்று காய்களை இப்படியே நகர்த்தினார். 8 ஆண்டுகளாகத் தோல்வியே அறியாத கபபிளாங்கா அன்று தோற்றார்!

சிங்கப்பூரில் என்ன நடந்தது? முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 2 மணி நேரம். டிங் தொடக்கத்திலேயே அரை மணிக்கு மேல் யோசித்தார். குகேஷும் நெடுநேரம் யோசிக்க நேர்ந்தது. கடைசியில் கடிகாரம் டிங்கை நெருக்கியது. 28-வது நகர்த்தலில் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அவருடைய குதிரையை வெட்டினார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அடி

மறுநாள் டிங்கும் பக்கச் சிப்பாயையே முதலில் நகர்த்தினார். குகேஷ் தோற்றார்! மீண்டும் சமநிலை.

குகேஷ் கலங்கவில்லை. 13-வது ஆட்டம் சமன். டிசம்பர் 12-ல் நடந்த 14-வது ஆட்டத்தில் வென்று, 18 வயதில் உலகப் பட்டம் பெற்றார்.

ஆக, முதல் நகர்த்தல் மட்டும் வெற்றி தராது. மனப்பாடம் முடிகிற இடத்தில் சொந்தப் புத்தி வேலை செய்ய வேண்டும். படிப்புக்கும் இது பொருந்தும். பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளை, கேள்வியைச் சற்று மாற்றினால் திகைத்து நிற்கிறதே!

நெல்லிக்குப்பத்துத் திண்ணையானாலும் சிங்கப்பூர் அரங்கமானாலும் பலகைக்கு 64 கட்டந்தான். பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஒரு பலகை வாங்கிக் கொடுங்கள். தோற்று வந்தால் திட்டாதீர்கள். "எந்த இடத்தில் தவறியது?" என்று கேளுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அதுவே துணை.