முதல் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் வாழ் எங்கள் உறவுகளுக்கு,

நாங்கள் ஸ்காபரோவில் ஒரு நூலக அறையில் மாதம் ஒருமுறை கூடும் சிலர். இருவர் பஸ் ஓட்டுநர்கள். ஒருவர் காப்புறுதித் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மீதிப் பேர் இந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்ததே, விபத்துக்குப் பிறகு தங்கள் கார் எங்கேயோ ஒரு வளவுக்குள் மாட்டிக்கொண்டதால்தான். அந்த அனுபவம் இன்னொரு வீட்டுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்த வேண்டுகோள்.

எங்களோடு இருக்கும் ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறோம். தை மாதம், இரவு பதினொன்றரை. தொழிற்சாலையில் பின்னேர வேலை முடித்து ஃபிஞ்ச் வீதியால் வந்துகொண்டிருந்தவரின் காரைப் பின்னால் வந்த வாகனம் இடித்துவிட்டது. காயம் இல்லை. ஆனால் பின்சில்லு உள்ளே வளைந்துவிட்டதால் கார் நகரவில்லை. பொலிசுக்கு அழைத்துவிட்டுத் தொலைபேசியை வைக்கவில்லை, அதற்குள் மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு ரோ ட்ரக் வந்து நின்றது. இறங்கிய இளைஞர் நல்ல தமிழில் பேசினார். “அக்கா, குளிருக்குள்ள நிக்காதேங்கோ, ட்ரக்குக்குள்ள ஏறுங்கோ. உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை, எல்லாம் இன்சூரன்ஸ் கட்டும். இதில ஒரு கையெழுத்து மட்டும்.” அக்கா கையுறையைப் பல்லால் கழற்றி, ட்ரக்கின் சூட்டில் விரல் உணர்வு வருவதற்கு முன்பே, கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டார். கார் எங்கே போகிறது என்று எழுதவேண்டிய இடமும் கட்டணத்துக்கான கட்டமும் வெறுமையாக இருந்தன. நடுங்கிக்கொண்டு நிற்கும்போது யார் அதைப் பார்ப்பார்?

கார் எங்கே என்று தெரியவர ஆறு நாள் ஆனது. வீட்டிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில், தகர வேலி போட்ட ஒரு வளவு. அந்த ஆறு நாளும் நாட்கூலி போலச் சேமிப்புக் கட்டணம் ஏறியிருந்தது. பில்லில் இழுவைக் கூலி மட்டும் இல்லை. சங்கிலிக்குக் காசு, சில்லு வைத்த தள்ளுவண்டிக்குக் காசு, வீதியில் சிந்திய கண்ணாடியைக் கூட்டியதற்குக் காசு, ‘நிர்வாகம்’ என்று ஒரு வரி, கேற் திறந்ததற்கு இன்னொரு வரி. கேற் திறக்கக் காசு வாங்கும் இடத்தை நாங்கள் கோயில் திருவிழாக் கார் நிறுத்துமிடத்தில்கூடக் கண்டதில்லை. மொத்தத்தையும் காசாகத்தான் தரவேண்டும் என்றார்கள். காருக்குள் பிள்ளையின் இருக்கையும், சாப்பாட்டுப் பெட்டியும், வேலைக்குப் போடும் இரும்பு முனைச் சப்பாத்தும் கிடந்தன. பில் கட்டாமல் அவற்றை எடுக்க விடமாட்டோம் என்றார்கள். அக்கா அடுத்த நாள் வேலைக்குப் போகப் புதுச் சப்பாத்து வாங்கினார்.

இதில் எத்தனை இடத்தில் சட்டம் மீறப்பட்டது என்று அன்று அவருக்குத் தெரியாது. எங்களில் பலருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒன்ராறியோவில் இந்தத் தொழில் கெட்டுப்போன கதை பழையது. 2020 மே மாதம் யோர்க் பிராந்தியப் பொலிசார் ‘புரொஜெக்ட் பிளாட்டினம்’ என்ற விசாரணையில் பலரைக் கைதுசெய்தபோதுதான், விபத்துக்கு முதலில் ஓடிப்போய்ச் சேருவதற்காக ட்ரக்குகள் எரிக்கப்பட்டதும் கொலைகள் நடந்ததும் எல்லோருக்கும் வெளிச்சமானது. இடிபட்ட ஒரு காருக்காக ஏன் இப்படி அடிபடுகிறார்கள்? பணம் இழுவைக் கூலியில் மட்டும் இல்லை. கார் எந்தத் திருத்தகத்துக்குப் போகிறது, எத்தனை நாள் வளவில் நிற்கிறது, வாடகைக் கார் யார் கொடுக்கிறார், காயத்துக்கு எந்த வழக்கறிஞர், எந்தச் சிகிச்சை நிலையம் என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பங்கு போகிறது. காரை இழுப்பவர் உங்களையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்.

அதன்பிறகு 2021இல் மாகாண அரசு இழுவைக்கும் வாகனச் சேமிப்புக்கும் என்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2024 தொடக்கத்திலிருந்து மாகாணச் சான்றிதழ் இல்லாமல் ஒரு நிறுவனம் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. அந்தச் சட்டம் எங்களுக்குத் தரும் உரிமைகளைத் தமிழில் சொல்கிறோம், பெற்றோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பொலிசார் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, யார் இழுப்பது, எங்கே கொண்டுபோவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். இழுக்கத் தொடங்குமுன் ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தன் உச்சக் கட்டணத்தைப் போக்குவரத்து அமைச்சில் பதிந்திருக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு சதமும் கேட்க முடியாது. அந்தக் கட்டணங்கள் அரசின் இணையத்தளத்தில் இருக்கின்றன. பணம் கேட்குமுன் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பில் தரவேண்டும். காசுதான் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது, கடனட்டையை ஏற்கவேண்டும். வேலை நாட்களில் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை உங்கள் பொருட்களை எடுக்க விடவேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அக்காவின் சப்பாத்தை எடுக்க விடாததே சட்டவிரோதம்.

நெடுஞ்சாலையில் கதை கொஞ்சம் வேறு. 401, 400, 427, கியூஇடபிள்யூ ஆகியவற்றின் சில பகுதிகளில் 2021 டிசம்பரிலிருந்து மாகாணம் ஒப்பந்தம் கொடுத்த நிறுவனம்தான் இழுக்கலாம், வேறு ட்ரக் வந்து நின்றால் அது வந்திருக்கவே கூடாத ட்ரக். மாகாண நெடுஞ்சாலை எதிலும் விபத்து நடந்த இடத்துக்கு 200 மீற்றருக்குள் வந்து வாடிக்கை பிடிப்பதும் தடை.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது, அந்த முதல் பத்து நிமிடத்தை உங்கள் கையில் வைத்திருங்கள். குளிரென்றால் உங்கள் காருக்குள் இருங்கள், அது பாதுகாப்பில்லை என்றால் வீதியை விட்டு விலகிப் பக்கத்துக் கோப்பிக் கடைக்குள் போங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு அழையுங்கள். இரவானாலும் பெரும்பாலானவற்றுக்கு ஆள் இருக்கும். அவர்கள் சொல்லும் இடத்துக்குக் காரை அனுப்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசலுக்கே அனுப்புங்கள். வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு யாரும் நாள்வாடகை கேட்க மாட்டார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான், ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வருவதில்லை. பொலிசார் காரை விபத்தைப் பதியும் ‘ரிப்போர்டிங் சென்டர்’ கொண்டுபோகச் சொன்னால், அங்கிருந்து அடுத்து எங்கே என்பதையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். பலர் மாட்டுவது அந்த இரண்டாவது பயணத்தில்தான். வெறும் கட்டம் இருக்கும் தாளில் கையெழுத்து வேண்டாம். போட்ட தாளைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், ட்ரக்கின் பெயரையும் இலக்கத்தையும் சேர்த்து.

கார் ஏற்கெனவே வளவுக்குள் போய்விட்டதா? ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் இன்னும் வேகமாக. காப்புறுதி நிறுவனத்திடம் இடத்தைச் சொல்லி அவர்களையே எடுப்பிக்கச் சொல்லுங்கள். நியாயமான கூலியைத்தான் அவர்கள் கட்டுவார்கள், நீங்கள் அசட்டையாக விட்ட நாட்களுக்குக் கணக்குக் கேட்பார்கள். 2024 ஜனவரியிலிருந்து, தவறு தங்கள்மேல் இல்லாத விபத்தில் தங்கள் காருக்குக் கிடைக்கும் நட்டஈட்டுப் பகுதியையே காப்புறுதியிலிருந்து நீக்கிக்கொள்ள அனுமதி உண்டு. மாதக் கட்டணம் குறையும் என்று அதை நீக்கியவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வளவு வாசலில் வந்து நிற்க யாரும் இல்லை. நீக்குமுன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

பில் அநியாயம், ஆனால் காரும் வேண்டும் என்ற இக்கட்டுக்கு ஒரு வழி இருக்கிறது, ஏனோ அதை யாரும் சொல்வதில்லை. ஒன்ராறியோவின் திருத்தல், சேமிப்புப் பற்றுரிமைச் சட்டத்தின்படி, கேட்கும் தொகையை வளவுக்காரரிடம் கொடுக்காமல் நீதிமன்றத்தில் கட்டலாம். நீதிமன்றம் தரும் சான்றிதழைப் பெற்ற மூன்று நாளுக்குள் அவர் ஆட்சேபிக்க வேண்டும் அல்லது காரை விடவேண்டும். சண்டை அதன்பிறகு பணத்தின் மேல்தான், காரின் மேல் இல்லை. முழுத்தொகையையும் முதலில் புரட்டுவது இலகுவல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கார் கைக்கு வந்ததும் நாள்வாடகை நிற்கிறது.

இந்தத் தொழிலில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். பனிப்புயலில் விடியப்புறம் மூன்று மணிக்குப் பள்ளத்துக்குள் படுத்துக் கொழுவி மாட்டி எங்கள் பிள்ளைகளை வீட்டில் கொண்டுவந்து விட்டவர்களும் ரோ ட்ரக்காரர்தான். அவர்களில் தமிழரும் உண்டு. அவர்களிடம் எங்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் பெயரைக் கெடுப்பவர்களை உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஏன் பேசாமல் இருக்கிறீர்கள்?

மற்றவர்களிடம், கடைசியாக. “நம்மட பெடியன், பாவம், காட்டிக்கொடுக்கிறதோ” என்று எங்கள் அக்காவும் முதலில் முறைப்பாடு செய்ய மறுத்தார். பிறகு எங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்து, பில்லையும் படங்களையும் சேர்த்துப் போக்குவரத்து அமைச்சுக்கு முறைப்பாட்டை எழுதிக் கொடுத்தார். முக்கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. உங்களிடம் அப்படி ஒரு பில் லாச்சிக்குள் கிடந்தால், கட்டி முடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் எழுதித் தர எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள்.